ஒரு சாண் கீழே

நீயே சொல், இருபத்தொரு ஆணி ஓட்டையையும் நான்தான் அடைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டால், பயந்துகொண்டு வீட்டிலேயே உட்கார்ந்துவிடுவேனா? இன்று காலை போய் அடைத்துவிட்டு வந்துதான் உட்கார்ந்திருக்கிறேன். நகக்கண்ணில் ஓட்டை அடைத்த புட்டிப் பசை இன்னும் இருக்கிறது. எலுமிச்சம்பழத் தோல் போட்டுத் தேய்த்தும் அந்தச் சுண்ணாம்பு வாசனை விரலை விட்டுப் போகவில்லை. சாமிக்கு விளக்கேற்றும்போதுகூட எண்ணெய் வாசனையை மீறிக்கொண்டு அதுதான் வந்தது. அந்த விரலோடுதான் உனக்கு எழுதுகிறேன். எட்டாவது வரை கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் படித்தவள் எழுத்து. தப்பிருந்தால் வழக்கம்போலச் சிரித்துக்கொள்.

சேலையூரில் ஃப்ரேம் கடைக்கு மேல்மாடியில் நீ பிடித்து வைத்திருந்தாயே, அந்த ஹாலின் சுவர்தான். அங்கே ஆள் உயரத்துக்கு வரிசையாகக் கொக்கிகள் ஏற்கெனவே இருக்கின்றன. இதுவரை யார் கண்காட்சி வைத்தாலும் அந்தக் கொக்கியில் மாட்டிவிட்டுப் போய்விடுவார்களாம். அதற்கு ஒரு சாண் கீழே புதிதாக இன்னொரு வரிசை ஆணி அடித்தது நான் ஒருத்திதான். ஹாலைப் பார்த்துக்கொள்கிற திவாகர் தம்பி அப்போதே சொல்லிவிட்டது, “ஓட்டை போடுறது நீங்கன்னா, அடைக்கிறதும் நீங்கதாம்மா” என்று. சரி என்று சொன்னேன். சொன்ன சொல்லைக் காப்பாற்றியாகிவிட்டது.

ஏன் ஒரு சாண் கீழே என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் சொல்லப் போகிறேன். நான் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன் என்று சொல்லிச் சொல்லியே நீ கேமராவைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடுவாய். இப்போது எங்கே ஓடுவாய் பார்க்கிறேன்.

நான் இந்த அஸ்தினாபுரம் வீட்டுக்கு மருமகளாக வந்தபோது நீ காலேஜ் படித்துக்கொண்டிருந்தாய். நாலரை அடி உயரம். “அண்ணி, மேல் அலமாரியில எதையும் வெக்காதீங்க, எனக்கும் இந்த வீட்ல பங்கு இருக்கு” என்பதுதான் நீ என்னிடம் பேசிய முதல் பேச்சு. பிறகு உனக்கு ஸ்டேஷன் டிக்கெட் கவுண்டரில் வேலை கிடைத்தது. வரிசையில் நிற்கிறவர்கள் கண்ணாடிக்குள் எட்டிப் பார்த்து, “என்னப்பா இது, கவுண்டர்ல ஆளே இல்ல” என்று கத்துவார்கள் என்றும், நீ கீழேயிருந்து கையை மட்டும் நீட்டி, “ஆள் இருக்கேன், சில்லறை குடுங்க” என்பாய் என்றும் வந்து சொல்வாய். அப்புறம் ஒரு முக்காலியை வாங்கிப் போட்டுக்கொண்டாய்.

முதல் சம்பளத்தில் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் ஒரு கண்ணாடி வாங்கிவந்து, வாஷ்பேசினுக்குப் பக்கத்தில் நீயே ஆணி அடித்து மாட்டினாய். உன் உயரத்துக்கு. அன்றைக்கு ஆரம்பித்த சண்டை, உன் அண்ணனுக்கும் உனக்கும். “எனக்கு மீசைக்குக் கீழதான் தெரியுது. தலையை எப்படி வாருறது?” என்று அவர் கத்துவார். “இத்தனை வருஷம் எனக்கு நெத்தி மட்டும்தான் தெரிஞ்சுது. யாராவது கேட்டீங்களா?” என்று நீ கேட்பாய். கண்ணாடி ஏறவில்லை. அவர் தினமும் காலையில் முட்டி மடக்கி நின்றுதான் தலை வாரிக்கொண்டார். இன்றைக்கும் அப்படித்தான்.

கல்யாணம் வேண்டாம் என்றாய். இரண்டு வரனை நானே கொண்டுவந்தேன். இரண்டாவது வரன் வந்த ஞாயிற்றுக்கிழமை, நீ விடியற்காலையில் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பள்ளிக்கரணைச் சதுப்புக்குப் போய்விட்டாய். மாப்பிள்ளை வீட்டார் கேசரி தின்றுவிட்டுப் போனார்கள். மத்தியானம் முழங்கால்வரை சேற்றோடு வந்து, “அண்ணி, இன்னைக்கு வெளிச்சம் எப்படி இருந்துது தெரியுமா” என்றாய். அன்றைக்கு உன்னை நான் பேசிய பேச்சு எனக்கே இப்போது நினைத்தால் கூசுகிறது.

உன் படங்கள் எனக்குப் புரியவில்லை என்பதை மறைக்க மாட்டேன். சேலையூர் ஏரி, செம்பாக்கம் ஏரி, திரிசூலத்து மலையைக் குடைந்த குழியில் நிற்கிற நீலத் தண்ணீர், வண்டலூர்ப் பக்கத்துக் காடு. ஒன்றிலும் ஆள் கிடையாது. “ஏண்டி, ஒரு மனுஷன் மூஞ்சி இல்ல, ஒரு சாமி இல்ல, வெறும் தண்ணியும் புல்லும். இதுல யாரைப் பார்க்கிறது?” என்று கேட்பேன். “பார்த்துட்டே இருங்க அண்ணி, யாராவது வருவாங்க” என்று சொல்லிச் சிரிப்பாய். ஒருநாள் என்கூட வாங்க, ஒருநாள் என்கூட வாங்க என்று எத்தனை முறை கூப்பிட்டிருப்பாய். எனக்கு மார்கழியில் கோயில், ஆடியில் கூழ், செவ்வாய் வெள்ளி விளக்குப் பூஜை. ஏரியைப் பார்க்க எனக்கு எங்கே நேரம் என்பேன். ஒரு தடவைகூட வரவில்லை. அந்த வருத்தம்தான் அடிநெஞ்சில் முள்ளாகக் கிடக்கிறது.

ஐப்பசி மழையில் பத்து நாள் காய்ச்சல். அவ்வளவுதான். அதற்கு மேல் அதைப் பற்றி எழுத மாட்டேன்.

காரியம் முடிந்த பிறகு உன் கட்டிலுக்கடியில் பெருக்கப் போனேன். பழைய பெட்ஷீட் சுற்றி, சுவரோடு சாய்த்து, ஒரே அளவில் இருபத்தொரு படம். ஃப்ரேம் போட்டு, கண்ணாடி போட்டு, தயாராக. மேலே ஒரு லாங் சைஸ் நோட்டு. அதில் எது முதல், எது இரண்டாவது என்று உன் கையெழுத்தில் வரிசை. முதல் இருபதுக்கும் ஊரும் நேரமும் மட்டும் எழுதியிருந்தாய். கடைசியில், “21. மாடம்பாக்கம் ஏரிக்கரை, காலை. இது கட்டாயம்” என்று எழுதி, கட்டாயத்துக்குக் கீழே இரண்டு கோடு இழுத்திருந்தாய். நோட்டுக்குள் ஹால் பிடித்த சீட்டு. தை மாதம், பொங்கல் முடிந்த வாரம், ஐந்து நாள்.

வேறு தேதி கிடைக்குமா என்று போன் செய்து கேட்டேன். இந்த வருஷம் முழுக்க இடமில்லை, அடுத்த வருஷம் ஹாலே இருக்குமா என்று தெரியாது, கட்டடத்தை இடிக்கப் போகிறார்கள் என்றது திவாகர் தம்பி. அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டின்போது உன் அண்ணனிடம் சொன்னேன். கையிலிருந்த சோற்றைத் தட்டில் வைத்துவிட்டார்.

“தலை திவசம்கூட ஆகல. பொங்கலுக்குப் பானை வெக்கக் கூடாதுன்னு நீயே சொல்ற. அதுக்குள்ள ஊரைக் கூட்டி விழாவா?”

“விழா இல்லீங்க. அவ அடுப்புல ஏத்திட்டுப் போன சோறு. ஆள் போயிட்டாங்கன்னு கஞ்சி வடிக்காம விட்டுடுவோமா?”

“நாலு பேர் என்ன சொல்லுவாங்க?”

“நாலு பேரும் வரட்டும். பார்த்துட்டுச் சொல்லட்டும்.”

“நான் வர மாட்டேன்.”

“உங்களைக் கூப்பிடவே இல்லையே.”

இப்படிப் பேசிவிட்டேனே தவிர, எனக்கும் பயம்தான். தீட்டு, திதி எல்லாம் இந்தத் தெருவுக்கே கணக்குச் சொல்கிறவள் நான். எனக்கே இப்படி ஒரு சோதனை. மறுநாள் தெருமுனைப் பிள்ளையாரிடம் போய்ப் பூ கேட்டேன். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். வெள்ளை வந்தால் செய், சிவப்பு வந்தால் செய்யாதே. பூக்காரம்மாவை எடுக்கச் சொன்னேன். சிவப்பு வந்தது. “நான் சரியாக் கேக்கல போலிருக்கு” என்று சொல்லி மறுபடி வைத்தேன். மறுபடியும் சிவப்பு. என்னுடன் பஜனைக்கு வருகிற சரோஜா பக்கத்தில் நின்று, “விட்டுடுடி, சாமியே வேணாங்குது” என்றாள். நான் பிள்ளையாரைப் பார்த்து, “ரெண்டு தடவை அவசரத்துல சொல்லிட்டீங்க. அவ உங்க வாசல்ல செருப்பைக் கழட்டாம ஒருநாளும் போனதில்ல. நிதானமா யோசிச்சுச் சொல்லுங்க” என்றேன். மூன்றாவது தடவை வெள்ளை வந்தது. “சாமியையே மிரட்டிட்டு வர்றியே” என்று சரோஜா வீடுவரை தலையில் அடித்துக்கொண்டே வந்தாள். மிரட்டினால் என்ன? நாற்பது வருஷமாகத் தேங்காய் உடைக்கிறேன். அந்த உரிமைகூடவா இல்லை?

படம் மாட்டுகிற அன்று திவாகர் தம்பிக்குப் பொத்தேரியில் ஏதோ காலேஜில் வேலை. மத்தியானம் வருவதாகவும், அதற்குள் படங்களைப் பிரித்து வரிசையாக வைக்கும்படியும் சொல்லிவிட்டுப் போய்விட்டது. நானும் ஹாலில் வேலை செய்கிற முனுசாமியும் இருந்தோம். சும்மா உட்கார எனக்கு வருமா? மாட்டியே வைத்துவிடலாம் என்று ஏணியைப் போடச் சொன்னேன். மேலே கூரையை ஒட்டி ஒரு இரும்புக் கம்பி ஓடுகிறது, தோரணம் கட்டுகிற கம்பி. அதில் கயிறு கட்டி, படத்தின் தலை முன்னால் சாய்ந்து நம்மைக் குனிந்து பார்க்கிற மாதிரி ஆறு படம் தொங்கவிட்டோம். நம் வீட்டில் சாமி படம், மாமனார் படம் எல்லாம் அப்படித்தானே இருக்கிறது? முனுசாமி வீட்டிலும் அப்படித்தானாம். “சூப்பரா கீதும்மா” என்று கீழே நின்று கை கூப்பினார். நானும் ஒரு கணம் கன்னத்தில் போட்டுக்கொண்டேன், பொய் சொல்வானேன்.

திவாகர் தம்பி வந்து வாசலிலேயே நின்றுவிட்டது. “அம்மா, என்ன இது? பூஜை ரூமா?”

“ஏன் தம்பி, பெரியவங்க படம் மாதிரி மரியாதையா இருக்கே.”

“இது அண்ணாந்து கும்பிடுறதுக்கு இல்லம்மா. நின்னு பார்க்கிறதுக்கு. கேலரியில ஐ லெவல்னு ஒண்ணு இருக்கு. படத்தோட நடு, தரையிலேருந்து அறுபது இன்ச். எல்லா இடத்துலயும் அதான் அளவு. கொக்கியே அதுக்குத்தான் அடிச்சிருக்கோம்.”

முனுசாமி உடனே கட்சி மாறிவிட்டார். “நானும் அப்பவே நெனச்சேன் சார். கழுத்து சுளுக்கிகினா யாரு எண்ணெய் போடறது?”

ஆறு படத்தையும் இறக்கினோம். தப்பு என்னுடையது, ஒத்துக்கொண்டேன். முதல் படத்தை, சேலையூர் ஏரியை, அந்தக் கொக்கியில் மாட்டினார்கள். நான் எதிரே நின்று பார்த்தேன். ஏதோ சரியில்லை. ஏரி கொஞ்சம் தூக்கிப் பிடித்த மாதிரி இருந்தது. கோரை நுனிகள் எல்லாம் கண்ணுக்கு மேலே போய்விட்டன.

“ஐ லெவல்னா யாரோட கண்ணு தம்பி?”

“பொதுவா, ஒரு ஆவரேஜ் ஆளோட கண்ணும்மா.”

“அந்த ஆவரேஜ் ஆளு எங்க இருக்காரு? இந்தப் படத்தையெல்லாம் அவரா எடுத்தாரு?”

நான் செருப்பை மாட்டிக்கொண்டு கீழே இறங்கி, கிடைத்த ஷேர் ஆட்டோவில் ஏறி, மாறி மாறி வீட்டுக்கு வந்தேன். பூக்கட்டுகிற நூல்கண்டை எடுத்தேன். உன் கண்ணாடிக்கு எதிரே நின்று, கண்ணாடியின் நடுவில் நூலின் நுனியை வைத்து, தரைவரை விட்டு, முடிச்சுப் போட்டு அறுத்தேன். உன் அண்ணன் பேப்பரைத் தாழ்த்திப் பார்த்தார்.

ஹாலுக்கு வந்து அந்த நூலைச் சுவரில் வைத்துப் பிடித்தேன்.

“இது என்னம்மா?”

“அவ கண்ணு.”

கொக்கிக்குச் சரியாக ஒரு சாண் கீழே வந்தது படம். மாட்டிவிட்டுத் திவாகர் தம்பி முட்டியை மடக்கி, உன் உயரத்துக்கு இறங்கிப் பார்த்தது. கோரைக்கு நடுவிலிருந்து யாரோ எட்டிப் பார்க்கிற மாதிரி, தண்ணீர் விளிம்பு நேராகக் கண்ணுக்குள் வந்து நின்றது. தம்பி முட்டியைத் தேய்த்துக்கொண்டு எழுந்தது. அப்புறம், “எல்லாரும் குனியணுமேம்மா. வயசானவங்க திட்டுவாங்க. தெரிஞ்சவங்க வந்தா, மாட்டத் தெரியலன்னு சிரிப்பாங்க” என்றது.

“சிரிக்கட்டும். அவ வாழ்நாள் பூரா அண்ணாந்து பார்த்தா. அஞ்சு நாள் ஊரு குனியட்டும். குனிஞ்சா குறைஞ்சா போயிடுவாங்க?”

முனுசாமி கோணாமல் இருக்கிறதா என்று ரசமட்டத்தை வைத்துப் பார்த்துப் பார்த்து ஆணி அடித்தார். ஒவ்வொரு ஆணிக்கும் நூலை நான் பிடித்தேன். சாயங்காலத்துக்குள் இருபது படம் ஏறியது. இருபத்தொன்றாவதைத் தம்பி கையில் எடுத்து, அப்படியே மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டது.

“இதை மட்டும் விட்டுடலாம்மா.”

“ஏன்?”

நிமிர்த்திக் காட்டியது. மாடம்பாக்கம் ஏரிக்கரை. பனி, புல், கரையின் வளைவு, தூரத்தில் தண்ணீர். இடது மூலையிலிருந்து புல்லின்மேல் நீளமாக ஒரு நிழல். “எடுத்தவங்க நிழலே உள்ள விழுந்துடுச்சு. சூரியன் முதுகுப் பக்கம் இருந்தா ஆரம்பத்துல எல்லாரும் பண்ற தப்பு இது. மத்த இருபதும் அவ்வளவு சுத்தமா இருக்கு. வர்றவங்க இதைத்தான் முதல்ல காட்டுவாங்க. அவங்க பேரு கெட்டுடும்மா. நான் அவங்களுக்காகத்தான் சொல்றேன்.”

அங்கேதான் எனக்குத் தைரியம் போனது. உயரத்துக்குச் சண்டை போட்டேன், அது எனக்குத் தெரிந்த விஷயம், வீட்டில் தினமும் பார்த்த விஷயம். இது எனக்குத் தெரியாத விஷயம். உன்னைப் பார்த்து ஒரு ஆள் சிரித்தாலும் அது நான் வாங்கிக் கொடுத்த சிரிப்பாகிவிடும். நீ வந்து பதில் சொல்லவும் மாட்டாய். முனுசாமி வேறு எட்டிப் பார்த்து, “இன்னாம்மா, தலையில மூட்டை வெச்சினுகீறாப்ல கீது” என்றார். “ஹெல்மெட்டா இருக்கும், அவ ஸ்கூட்டர்ல போறவ” என்று சொன்னேன்.

நோட்டை எடுத்துப் பார்த்தேன். இரண்டு கோடு. நீ எதற்கும் ஒரு கோட்டுக்கு மேல் போட்டு நான் பார்த்ததில்லை.

“மாட்டுங்க தம்பி.”

“அம்மா...”

“கோடு ரெண்டு போட்டிருக்கா. மாட்டுங்க.”

மறுநாள் கதவைத் திறந்தோம். அவ்வளவுதான். குத்துவிளக்கு இல்லை, ரிப்பன் இல்லை, சந்தனம் குங்குமம் இல்லை. திதிக்குள் எதைச் செய்யக் கூடாதோ அதையெல்லாம் செய்யவில்லை. சுண்டல் மட்டும் செய்து கொண்டுபோனேன். அது தப்பில்லை. எண்ணெய்க் கையோடு கண்ணாடியைத் தொடுகிறார்கள் என்று திவாகர் தம்பி ஒரு துணியோடு பின்னாலேயே சுற்றியது.

முதல் நாள் பஜனைக் கோஷ்டி பன்னிரண்டு பேரையும் அழைத்துவந்தேன். சரோஜா இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படமாகக் குனிந்து பார்த்துவிட்டு, “ஏண்டி, ஒரு சாமி படம்கூட இல்லையா? குனிஞ்சதுக்கு ஒரு கும்பிடாவது போடலாமே” என்றாள். “வருண பகவான்னு நெனச்சுக் கும்பிட்டுட்டுப் போ. ஏரி பூராவும் அவர்தான்” என்றேன். “அவ போட்டோ எங்கடி? மாலை போட்டு வாசல்ல வெக்கலியா?” என்றாள். “இருபத்தொண்ணு வெச்சிருக்கேனே, போதாதா?” என்றேன்.

இரண்டாவது நாள் பட்டணத்திலிருந்து ஒருவர் வந்தார். கழுத்தில் கேமரா, பையில் இன்னொரு கேமரா. கடைசிப் படத்துக்கு வந்ததும் உதட்டைப் பிதுக்கி, கூட வந்தவரிடம் நிழலைச் சுட்டிக் காட்டினார். நான் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன்.

“என்ன சார், என்ன காட்டுறீங்க?”

“இல்லம்மா, ஷேடோ விழுந்திருக்கு. கவனிக்காம விட்டுட்டாங்க.”

“கவனிக்காம ஒண்ணும் இல்ல. அவ வேணும்னேதான் விட்டா. ரெண்டு கோடு போட்டு எழுதி வெச்சிருக்கா, நோட்டு காட்டட்டுமா?”

எதற்காக வேண்டுமென்றே விட்டாய் என்று அவர் கேட்டிருந்தால் என் கதி என்னவாகியிருக்கும்? பிள்ளையார்மேல் பாரத்தைப் போட்டுச் சொன்ன பேச்சு அது. அவர் கேட்கவில்லை. போகும்போது முதல் படத்துக்கு எதிரே தரையிலேயே சப்பணமிட்டு உட்கார்ந்து ரொம்ப நேரம் பார்த்துவிட்டுப் போனார். அதையும் சொல்லிவிட வேண்டும்.

நான்காவது நாள் எல்லம்மா வந்தாள். உனக்குச் சங்கரா மீன் எடுத்துவைத்துக் கொடுப்பாளே, கோவளத்திலிருந்து வருகிற அதே எல்லம்மாதான். காலி அன்னக்கூடையை வாசலில் வைத்துவிட்டு உள்ளே வந்தாள். நீ எடுத்த முட்டுக்காடு படத்துக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்துகொண்டாள்.

“இது விடிஞ்சதும் எடுத்தது, இன்னா யக்கா?”

“உனக்கு எப்படித் தெரியும்?”

“மணல்ல பாரு. வலை இழுத்துகினு போன தடம். ஈரம் காயல. எங்காளுங்க இப்பத்தான் கரையேறிக்கிறானுங்க.”

நானும் அவள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். ஆமாம், ஒரு கோடு. எத்தனை முறை நூல் பிடித்தேன் அந்தப் படத்துக்கு, என் கண்ணில் படவில்லை. “ஆளே இல்லாத படம்னு நான் அவளைத் திட்டிட்டே இருப்பேன்” என்றேன்.

“ஆளில்லாத எடம் எங்க யக்கா கீது? இப்பத்தான் போயிருப்பான், இல்லாங்காட்டி இனிமே வருவான்.”

அதன்பிறகு இருவருமாக ஒவ்வொரு படத்திலும் ஆளைத் தேடினோம். செம்பாக்கத்தில் கரையோரம் ஒரு சோப்புத் துண்டு. திரிசூலத்தில் பாறைமேல் காய்கிற ஒரு சட்டை. பள்ளிக்கரணையில் சேற்றில் சின்னதாக இரண்டு கால்தடம். அது உன்னுடையது, செருப்பு நம்பர் நான்கு, எனக்குத் தெரியாதா? கடைசிப் படத்துக்கு வந்ததும் எல்லம்மா தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

“இது யாரு?”

“எடுத்தவ நிழல்தான்.”

“எடுத்தவ நெழலுன்னா நடுவுல இல்ல விழணும்? இது ஓரத்துலருந்து நீட்டிகினு வருதே.”

அதற்குள் சுண்டல் தீர்ந்துவிட்டது என்று சரோஜா கூப்பிட்டாள், எழுந்து போய்விட்டேன்.

ஐந்தாவது நாள் சாயங்காலம், மூடுவதற்குக் கொஞ்ச நேரம் முன்னால், உன் அண்ணன் வந்தார். யாரையும் பார்க்காமல், என்னையும் பார்க்காமல், நேராக முதல் படத்துக்குப் போனார். நிமிர்ந்தே நின்றார். ஜன்னல் வெளிச்சம் அவர்மேல் விழுந்து, ஃப்ரேம் கண்ணாடியில் அவர் உருவம் தெரிந்தது. அப்படியே இரண்டாவது படம், மூன்றாவது படம். நான்காவது படத்தின் முன்னால் நின்று, திவாகர் தம்பியைக் கூப்பிட்டார்.

“தம்பி, எனக்கு இதுல மீசைக்குக் கீழதான் தெரியுது.”

தம்பிக்கு ஒன்றும் புரியவில்லை. கண்ணாடி பளபளப்பைக் குறை சொல்கிறார் என்று நினைத்து லைட்டைத் திருப்பப் போனது. உன் அண்ணன் கையைக் காட்டி நிறுத்தினார். தினமும் காலையில் வாஷ்பேசின் பக்கத்தில் மடக்குகிற மாதிரியே முட்டியை மடக்கினார். மடக்கிக்கொண்டே, “போயும் குனிய வெக்கிறா பாரு” என்றார். பாக்கிப் பதினேழு படத்தையும் அப்படியே பார்த்தார். எழுபதை நெருங்குகிற முட்டி அது. தோளைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்று நான் பக்கத்தில் போனேன். வேண்டாம் என்று தள்ளினார். வெளியே வந்து செருப்பு மாட்டும்போதுதான் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். “ஊர்ல யாரும் ஒண்ணும் சொல்லலியா?” என்றார். “சொன்னாங்க” என்றேன். “ம்” என்றார். அவ்வளவுதான் பேச்சு. ஆனால் வீடுவரை ஆட்டோவில் நோட்டை அவர் மடியில்தான் வைத்திருந்தார்.

இன்று காலை அடைத்த ஓட்டை எல்லாம் அப்படித்தான், ஒவ்வொன்றாக நினைத்துக்கொண்டே அடைத்தேன். முனுசாமி புட்டியைக் குழைத்துக் கொடுத்தார். “எல்லாம் ஒரே மட்டமா கீதும்மா, கம்பெனி ஆளு அடிச்சா மாதிரி” என்றார். புட்டி காய்ந்ததும் வெள்ளை அடித்துவிடுவார்களாம், கட்டடத்தையே இடித்தும் விடுவார்களாம். இடிக்கட்டும். சுவர்தானே அவர்களுடையது. உயரம் என்னிடம் இருக்கிறது. அந்த நூலை மடித்து, கைப்பையில் குங்குமப் பொட்டலத்தோடு வைத்திருக்கிறேன். எந்த ஊரில், எந்தச் சுவர் கிடைத்தாலும் சரி, உன் படம் அந்த நூலுக்குத்தான் ஏறும். தலை திவசம் முடியட்டும், பொத்தேரிக் காலேஜில் இடம் கேட்பதாகத் திவாகர் தம்பி சொல்லியிருக்கிறது. கடைசிப் படம் அங்கேயும் மாட்டப்படும். யார் உதட்டைப் பிதுக்கினாலும்...

இரு. இரு.

ஒருநாள் வந்தேனே! ஏரி பார்க்க வரவில்லை. மார்கழியில், மாடம்பாக்கம் சிவன் கோயிலுக்கு, உன் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து. அஞ்சு நிமிஷம் அண்ணி என்று கரைமேல் வண்டியை நிறுத்தினாய். தலைக்கு ஊற்றிக்கொண்ட ஈரத்தில் பெரிய துண்டைச் சுற்றிக் கொண்டை போட்டுக்கொண்டு, உனக்குப் பின்னால் இடது ஓரமாக, வெயில் முதுகில் பட, இடுப்பில் கையை வைத்து நின்று நான் கத்தினேன், நடை சாத்திடுவாங்க, சீக்கிரம் வா என்று. நீ திரும்பிக்கூடப் பார்க்காமல், “அசையாதீங்க அண்ணி, அப்படியே நில்லுங்க” என்றாய். பாம்பு என்று நினைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.